மௌனமும் வதந்தியும்



ஆரணியின் நெசவாளர் தெருக்களில் தறியோசைக்கிடையே அடிக்கடி ஒரு பேச்சு எழும். "பட்டு நூல் விலை ஏறப் போகிறதாமே!" இதனை நம்பிக் கடன்பட்டு நூலை வாங்கிக் குவித்தவர்களையும், பின்னர் விலை இறங்கக் கண்டு வருந்தியவர்களையும் நான் அறிவேன். எனினும் நூல் வாங்குவோர்க்கு ஓர் அளவுகோல் உண்டு. கர்நாடகத்து ராமநகரத்தில் பட்டுக்கூடுகள் பலரறிய ஏலம் விடப்படுகின்றன. அன்றைய விலையை எவரும் விசாரித்து அறியலாம்.

கம்பெனிப் பங்குகளை வாங்குவோர்க்கு அத்தகைய அளவுகோல் யாது? பங்கு என்பது ஒரு தொழிலின் உடைமையில் சிறு கூறு. அத்தொழில் நாளை எவ்வாறு நடக்கும் என்று பலர் கொள்ளும் மதிப்பே அதன் விலை. அம்மதிப்புக்கு ஆதாரம் கம்பெனி உரைக்கும் உண்மைதான். கம்பெனி வாய் மூடினால் வதந்தி வாய் திறக்கும்.

அமெரிக்காவின் ஆப்பிள் கணிப்பொறி நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர் ஸ்டீவ் ஜாப்ஸ். 2004-ல் அவருக்குக் கணையப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை நடந்தது. 2008 ஜூனில் அவர் மிக மெலிந்து மேடையில் தோன்றினார். சாதாரண நோய்த்தொற்று என்றனர் நிறுவனத்தார். ஜூலையில் மீண்டும் கேட்டபோது, அது அவருடைய சொந்த விஷயம் என்று முடித்துவிட்டனர். அக்டோபர் 3 அன்று, அவருக்கு மாரடைப்பு என்று எவரோ பொய்ச் செய்தி பரப்பினார். பங்கு விலை சில நிமிடங்களில் சரிந்தது. நிறுவனம் மறுத்த பின்னரே மீளத் தொடங்கியது. 2009 ஜனவரி 5-ல், தம் நோய் எளிதில் தீரக்கூடியது என்று அவரே எழுதினார். ஒன்பது நாள் கழித்து, எண்ணியதினும் சிக்கலானது என்று கூறி ஜூன் இறுதிவரை விடுப்பில் சென்றார்.

நோயாளியின் அந்தரங்கம் மதிக்கத்தக்கதே. அவருடைய மருத்துவக் குறிப்பைக் கடைத்தெருவில் விரிக்குமாறு எவரும் கேட்கலாகாது. ஆனால் தலைவரால் பணியாற்ற இயலுமா, இயலாவிடில் பொறுப்பேற்பவர் யார் என்ற இரு வினாக்களுக்கு விடையறியும் உரிமை, பணம் போட்டவர்களுக்கு உண்டு. பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவரின் மௌனம் அவருடைய தனியுடைமை அன்று.

நம் நாட்டில் பங்குச் சந்தைகளை மேற்பார்க்கும் செபி அமைப்பு இதனை உணர்ந்தே ஒரு விதி வகுத்தது. முக்கியப் பத்திரிகைகளில் வந்த வதந்தியால் பங்கு விலை பெரிதும் அசைந்தால், 24 மணி நேரத்துக்குள் கம்பெனி அதனை உறுதி செய்யவோ மறுக்கவோ விளக்கவோ வேண்டும். 2024 ஜூன் 1 முதல் மிகப் பெரிய 100 கம்பெனிகளுக்கும், டிசம்பர் 1 முதல் 250 கம்பெனிகளுக்கும் இது பொருந்தியது.

ஆயினும் காதோடு காதாகப் பரவும் பேச்சை எந்த விதியும் தடுக்காது. நாளை நீங்கள் சம்பாதித்துச் சேமிக்கும்போது எவரேனும் ரகசியம் சொன்னால், அவர் இதனை எவ்வாறு அறிந்தார், நான் நம்பினால் அவருக்கு என்ன ஆதாயம் என்று கேளுங்கள். தக்க விடை கிடைக்காவிடில் பணத்தைப் பையிலேயே வைத்திருப்பது கோழைமை அன்று. அதுவே கல்வியின் பயன்.