மூடின கை திறந்தது

(நமது மருத்துவமனையின் ஸ்தோத்திரப் பண்டிகையன்று, ஆக்குபேஷனல் தெரபி பிரிவில் ஊழியம் செய்யும் சகோதரி ஒருவர் ஆற்றிய உரை)



மாற்கு 3ஆம் அதிகாரத்தில், ஜெப ஆலயத்தில் சூம்பின கையோடு நின்ற மனிதனை நாம் அறிவோம். எதையாவது பிடித்துக் காட்டும்படி ஆண்டவர் அவனிடம் கேட்கவில்லை. கையை நீட்டும்படியே சொன்னார். இதன் பொருளை எனக்கு விளக்கியது ஒரு நோயாளியின் கை.

அவர் கொத்தனார் வேலை செய்தவர். பக்கவாதத்தால் வலப்பக்கம் விழுந்துவிட்டது. மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ இந்நோய் வருகிறது. முதலில் துவண்டு கிடக்கும் கை, வாரங்கள் செல்லச்செல்ல இறுகுகிறது. மடக்கும் தசைகள் நீட்டும் தசைகளை மேற்கொள்கின்றன. மணிக்கட்டு தொங்கி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய், விரல்கள் அதன்மேல் மூடிக்கொள்கின்றன. அவருடைய கையும் அப்படித்தான் ஆனது. இடது கையால் சாப்பிட வெட்கப்பட்டு, எல்லாரும் உண்டபின் தனியே உட்காருவார், மனைவி ஊட்டிவிடுவார். கையை நீட்டி அப்பம் வாங்க முடியாதென்று திருவிருந்துக்கும் போவதில்லை.

பிடிப்புக்கு வலு தருவது மணிக்கட்டு. நீங்களே சோதித்துப் பாருங்கள். மணிக்கட்டை உள்பக்கமாக முழுவதும் மடக்கிக்கொண்டு முஷ்டியை இறுக்குங்கள், வலு வராது. சற்றே பின்னால் நிமிர்த்துங்கள், கை இறுகும். ஆகவே அவருடைய மணிக்கட்டை நன்றாக நிமிர்த்தி வைக்கும்படி ஒரு கைத்தாங்கி செய்தேன். வெந்நீரில் போட்டால் இளகும் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, கையின்மேல் வைத்து அழுத்தினால், சில நிமிடங்களில் அந்த வடிவிலேயே கெட்டியாகிவிடும். பார்க்க அழகாயிருந்தது. எனக்கும் பெருமையாயிருந்தது.

அடுத்த முறை வந்தபோது அவர் மனைவி சொன்னார்: "சிஸ்டர், கட்டினா கை நல்லா நிமிந்து நிக்குது. ஆனா டம்ளர் உள்ள போக இடமில்லியே."

உண்மைதான். மணிக்கட்டை நிமிர்த்த நிமிர்த்த விரல்கள் தாமாகவே இன்னும் மடங்கும். தசைநார்களின் அமைப்பு அப்படி. பிடிப்பதைப் பற்றியே யோசித்த நான் திறப்பதை மறந்துவிட்டேன். திறவாத கை எதைப் பிடிக்கும்?

தவறை உணர்ந்து மறுபடியும் தொடங்கினோம். மணிக்கட்டின் நிமிர்வைக் குறைத்தோம். கட்டைவிரலை வெளியே விலக்கி வைத்தோம். புறங்கையின்மேல் கம்பிச் சட்டம் பொருத்தி, ஒவ்வொரு விரலையும் ரப்பர் கயிற்றால் மேலே இழுத்துக் கட்டினோம். அவர் தம் சொந்த முயற்சியால் விரல்களை மடக்குவார். தளர்த்தினால் ரப்பர் விரல்களைத் திறந்துவிடும். விரலை மடக்கக் கொஞ்சமாவது சக்தி மீந்திருப்பவர்களுக்கே இது உதவும். தோல் சிவந்து, கழற்றி இருபது நிமிடமாகியும் சிவப்பு மாறாவிட்டால், தாங்கியைத் திருத்தவேண்டும். உணர்ச்சி குறைந்த கையில் புண் வருவதே தெரியாது.

தாங்கியைக் கட்டிவிட்டால் போதும் என்று எண்ணவேண்டாம். இரவெல்லாம் கையை நிமிர்த்திக் கட்டி வைப்பதால் மட்டும் மணிக்கட்டு இறுகுவது நிற்பதில்லை என்று 2007இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. பயிற்சியே முக்கியம். முதலில் பஞ்சுப் பந்து, பிறகு மரக்கட்டை, பிறகு வெறும் டம்ளர். தினமும் நூறு தடவைக்கு மேல் எடுத்து வைத்தார். அழுத நாட்களும் உண்டு.

மிஷன் மருத்துவமனைகளுக்கு இது புதிய ஊழியமல்ல. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். நிமிர்ந்த கைக்கு வேலையும் வேண்டுமென்று கண்டு, தச்சு வேலையும் கற்றுக்கொடுக்கச் செய்தார். டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்தபின், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அத்தகைய கைகளுக்கு அறுவை செய்தார். அவர்கள் நடந்த வழியில்தான் நாமும் நடக்கிறோம்.

அந்த ஐயா இன்று செங்கல் அடுக்குவதில்லை. இனி அடுக்குவார் என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் தடித்த பிடி போட்ட கரண்டியைத் தாங்கியின் உதவியோடு பிடித்து, குடும்பத்தோடு அமர்ந்து வலது கையால் சாப்பிடுகிறார். சென்ற மாதம் திருவிருந்துக்குப் போனார். தாங்கியைக் கழற்றிவிட்டு முழங்காலிட்டு, இடது கையால் வலது கையை ஏந்தி, மெல்ல விரித்தாராம். சொல்லும்போது அவர் மனைவி அழுதார்கள். கர்த்தருக்கே மகிமை!

பிரியமானவர்களே, அந்தப் பிளாஸ்டிக் தகடு விலை அதிகம். ஏழைகளிடம் அதற்குப் பணம் வாங்க மனம் வருவதில்லை. உங்கள் காணிக்கையே அதை வாங்கித் தருகிறது. நீங்கள் திறந்த கையால் கொடுப்பதனால், இங்கே மூடின கைகள் திறக்கின்றன. தாங்கிக்காகக் காத்திருப்பவர்களுக்காகவும், சோர்ந்துபோகாமல் பயிற்சி செய்ய அவர்களுக்குப் பொறுமை கிடைக்கவும் தொடர்ந்து ஜெபியுங்கள்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.