சம்மனசுகளிலும் மேலானவர்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த தியான மாலையில், மறைக்கல்வி ஆசிரியர்கள் சார்பில் ஆற்றிய உரை)



இயேசு வானதூதர்களைவிட உயர்ந்தவர் என்பது விழாக் குழுவினர் எங்களுக்குக் கொடுத்த பொருள். இதைக் கேட்டதும் நம்மில் சிலர், "இதில் என்ன சந்தேகம்? இதற்கு ஒரு பேச்சா?" என்றார்கள். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. நம் பீடத்தில் நற்கருணைப் பேழைக்கு இருபுறமும் முழந்தாளிட்டிருக்கும் இரண்டு சம்மனசுகளைக் காட்டி அவள் கேட்டாள்: "றெக்கை இருக்கிறவங்க ஏன் சார் மண்டி போட்டிருக்காங்க? பாடுபட்ட சுரூபத்துல இருக்கிற ஆண்டவருக்கு றெக்கையே இல்லியே. அப்ப யாரு பெரியவங்க?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நாங்கள் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம். அது தவறு. அந்தக் கேள்வியைத்தான் ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன் எபிரேயருக்கு எழுதிய திருமுகத்தின் ஆசிரியரும் எடுத்துக்கொண்டார். பதிமூன்று அதிகாரங்களில் முதல் இரண்டை அதற்கே ஒதுக்கினார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சம்மனசுகள் மேல் நமக்குள்ள பக்தியைக் குறைக்க நாங்கள் வரவில்லை. மிக்கேல், கபிரியேல், ரபேல் என்ற பெயர்கள் நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்குகின்றன. முன்பு கபிரியேலுக்கு மார்ச் 24, ரபேலுக்கு அக்டோபர் 24 என்று தனித்தனி நாட்கள் இருந்தன. 1969-ல் திருச்சபை நாள்காட்டி சீரமைக்கப்பட்டபோது மூவருக்கும் செப்டம்பர் 29 ஒரே திருநாள் ஆயிற்று. அக்டோபர் 2 காவல் சம்மனசுகளின் நாள். படுக்கும்முன் காவல் சம்மனசிடம் செபிக்காத கத்தோலிக்கப் பிள்ளை நம் ஊரில் இருக்க முடியாது என்று நம்புகிறோம். (இப்போது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுகிறார்கள் என்று தாய்மார்கள் முறையிடுவதும் தெரியும்.)

ஆனால் நல்ல பக்தியும் தன் இடத்தை விட்டு நகர்ந்துவிடும். அது புதிய ஆபத்தன்று. இன்றைய துருக்கி நாட்டிலிருந்த கொலோசையில் சிலர் சம்மனசுகளை வழிபடத் தொடங்கியதைக் கொலோசையருக்கு எழுதிய திருமுகமே கண்டிக்கிறது. அருகிலிருந்த லவோதிக்கேயாவில் 4-ஆம் நூற்றாண்டில் கூடிய சங்கமும் அதைத் தடுத்துச் சட்டம் செய்யவேண்டியதாயிற்று. 745-ல் அடல்பெர்ட் என்பவர் மறைநூலில் இல்லாத பெயர்களையெல்லாம் சம்மனசுகளுக்குச் சூட்டி மன்றாடும் செபம் ஒன்றைப் பரப்பினார். பாப்பரசர் சக்கரியாஸ் உரோமையில் சங்கம் கூட்டி அதைக் கண்டித்தார். நெடுங்காலம் கழித்து, 2001-ல், மக்கள் பக்தி முயற்சிகளைப் பற்றி உரோமை வெளியிட்ட வழிகாட்டியும், மறைநூல் தரும் அந்த மூன்று பெயர்களைத் தவிர வேறு பெயர் சூட்டவேண்டாம் என்றது. இன்று நம் கைப்பேசிக்கு வருவது என்ன? இந்தச் சம்மனசின் பெயரைச் சொல், பத்துப் பேருக்கு அனுப்பு, நாளைக் காலை பணம் வரும் என்ற செய்தி! அனுப்பாவிட்டால் கெடுதல் வருமாம். அனுப்பியவர்களில் நம் பங்கினரும் உண்டு, பெயர் சொல்லமாட்டோம்.

மிக்கேல் என்னும் எபிரேயப் பெயருக்குக் கடவுளுக்கு நிகர் யார் என்று பொருள். சம்மனசின் பெயரே தன்னைவிட்டு மேலே கைகாட்டுகிறது. திருவெளிப்பாட்டில் யோவான் சம்மனசின் காலில் விழப்போகிறார், ஒருமுறையல்ல, இருமுறை. இரண்டு முறையும் சம்மனசு அவரைத் தடுத்து, தானும் ஓர் ஊழியன்தான் என்கிறது.

இனி எபிரேயர் திருமுகத்துக்கு வருவோம். அதன் முதல் வசனங்களை ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழாவின் பகல் பூசையில் வாசிக்கிறோம். நள்ளிரவுப் பூசைக்கு இடமில்லாமல் வெளியே நிற்கும் கூட்டத்தில் பகல் பூசைக்கு வருவோர் எத்தனை பேர்? வந்தவர்களிலும் பாதிப்பேருக்குத் தூக்கம். ஆகவே இந்த வாசகம் நம் காதில் சரியாக விழுந்ததேயில்லை.

யூத மரபிலிருந்து வந்த கிறிஸ்தவர்களுக்கு அது எழுதப்பட்டது என்பது பழைய கருத்து. அவர்கள் விசுவாசத்துக்காக அவமானப்பட்டவர்கள், உடைமைகளைப் பறிகொடுத்தவர்கள். சோர்ந்துபோய்ப் பழைய இடத்துக்கே திரும்பிவிடலாமா என்ற எண்ணம் அவர்களுக்கு. மோயீசனின் சட்டம் சம்மனசுகள் வழியாக வந்தது என்பது அக்காலத்தார் நம்பிக்கை. அத்தனை மகிமையோடு வந்த சட்டம் இருக்க, சிலுவையில் தொங்கியவரை நம்பி என்ன பயன் என்று அவர்கள் தடுமாறினார்கள். ஆசிரியர் கோபிக்கவில்லை. அவர்களுடைய மறைநூலிலிருந்தே, பெரும்பாலும் திருப்பாடல்களிலிருந்து, ஏழு வாக்குகளை அடுக்குகிறார். சாரம் இதுதான்: கடவுள் எந்தச் சம்மனசையும் தம் மகன் என்று அழைக்கவில்லை, எந்தச் சம்மனசையும் தம் வலப்பக்கத்தில் அமரச் சொல்லவில்லை. சம்மனசுகள் அனுப்பப்படும் ஊழியர்கள். யாருக்கு ஊழியம் செய்ய? மீட்பைப் பெறப்போகும் நமக்கு!

இதை விளங்கிக்கொள்ள நாம் வெகுதூரம் போகவேண்டாம். நமக்கு மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்குப் போய்வராதவர் நம்மில் குறைவு. அந்த மலையில் 1976 வரை ஜாகீர்தார்களின் ஆதிக்கம் இருந்தது. நாடு 1947-ல் விடுதலை பெற்றும், மலைவாழ் மக்களுக்கு அரசு என்பது நேரே கண்ட பொருளாக இல்லை; நிலமும் தீர்வையும் வழக்கும் இடையில் நின்ற ஒருவர் வழியாகத்தான். அரசே மலையேறி வந்தபோது என்ன மாறியது என்று அங்குள்ள பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். உவமை முழுவதும் பொருந்தாது என்பது எங்களுக்குத் தெரியும். சம்மனசுகள் யாரையும் ஒடுக்கியவர்களல்லர்; அரசு வந்த பின்னும் அந்த மலையில் சாலைக்கும் மருத்துவத்துக்கும் உள்ள குறைகள் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. ஆனாலும் ஒருவர் மூலமாகக் கேட்பதற்கும், உரியவரே வாசலில் வந்து நிற்பதற்கும் உள்ள வேறுபாடு நம் பக்கத்து மக்களுக்குப் புரியும். ஆண்டவர் சொன்ன திராட்சைத் தோட்ட உவமையில் உடையவர் முதலில் ஊழியரை அனுப்புகிறார், பிறகும் ஊழியரை அனுப்புகிறார், கடைசியில் மகனையே அனுப்புகிறார். அந்த மகனைக் குத்தகைக்காரர் என்ன செய்தார்கள்? கொன்றுபோட்டார்கள்.

இங்கேதான் எங்களுக்கே வியப்பாயிருந்தது. மகன் உயர்ந்தவர் என்று முதல் அதிகாரத்தில் ஏற்றிவைத்த ஆசிரியர், இரண்டாம் அதிகாரத்தில் அவரைச் சம்மனசுகளுக்கும் கீழே இறக்கிவிடுகிறார்! எட்டாம் திருப்பாடலைக் கையிலெடுத்து, சிறிது காலம் அவர் சம்மனசுகளைவிடத் தாழ்ந்தவர் ஆனார் என்கிறார். ஏன்? சம்மனசால் முடியாத ஒன்றைச் செய்வதற்காக. சம்மனசுக்குச் சதையில்லை, இரத்தமில்லை. பசி தெரியாது, காய்ச்சல் தெரியாது. சம்மனசு சாகமுடியாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நம் வீடுகளில் சொல்வதில்லையா? சோதனையும் வேதனையும் தமக்கே வந்ததால்தான் சோதிக்கப்படுவோருக்கு அவரால் உதவமுடிகிறது என்று ஆசிரியரும் எழுதுகிறார்.

ஒருவர் எங்களைக் கேட்டார்: கெத்சமனித் தோட்டத்தில் சம்மனசு வந்து ஆண்டவரைத் திடப்படுத்தியதாக லூக்காஸ் எழுதுகிறாரே, திடப்படுத்தியவர்தானே பெரியவர்? நல்ல கேள்விதான். காய்ச்சலில் கிடக்கும் தகப்பனுக்கு மகன் கஞ்சி கொடுக்கிறான். அதனால் மகன் தகப்பனாகிவிடுவானா? அந்தச் சம்மனசு பாத்திரத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்ளவில்லை என்பதையும் கவனியுங்கள். அதை அவரேதான் குடித்தார்.

பாத்திரம் என்று சொல்லும்போது நம் ஊரை நினைக்காமல் இருக்கமுடியவில்லை. 2024 ஜூன் 18 அன்று கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் விழத் தொடங்கினார்கள். நம் ஊர் மருத்துவமனை போதாமல் சேலம், விழுப்புரம், புதுச்சேரி என்று கொண்டு ஓடினார்கள். இறந்தவர்கள் அறுபதுக்கும் மேல். கூலிக்குப் போனவர்களே அதிகம், பெண்களும் உண்டு. சாவு வீடுகளுக்குச் செபிக்கப் போகும்போது நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: காவல் சம்மனசு அந்த நேரம் எங்கே போயிருந்தது? பதில் சொல்லத் தெரியாமல் திரும்பியிருக்கிறோம். எபிரேயர் திருமுகமும் அதற்குப் பதில் சொல்லவில்லை. அது வேறொன்றைச் சொல்கிறது. எல்லாருக்காகவும் அவர் சாவைச் சுவைத்துப் பார்த்தார் என்கிறது. ஆசிரியர் தேர்ந்துகொண்ட சொல்லே சுவைத்தல் என்பதுதான். வாயில் கசந்து, உடலில் இறங்கி, முடிவுவரை போனவர் அவர். அந்தப் படுக்கைகளின் அருகே எந்தச் சம்மனசு நின்றிருந்தாலும் அது வெளியிலிருந்துதான் பார்த்திருக்கும். அவருக்கோ உள்ளிருந்தே தெரியும்.

இன்னொன்றும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. மனிதரைத் தம் சகோதரர் என்று அழைக்க அவர் வெட்கப்படவில்லையாம். நாம் வெட்கப்படுகிறோம். குடிகாரன் செத்தான் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டவர்கள் நம் கோவில் பெஞ்சுகளிலும் இருந்தார்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பிறகு யார் பக்கத்தில் உட்கார்ந்தோம்? சாதியையும் சொல்லத்தான் வேண்டும். நம் மாவட்டத்து இறையூரில் 2008 மார்ச்சில் கத்தோலிக்கருக்குள்ளேயே சாதி மோதல் எழுந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டார்கள். விழா மேடையில் இதை ஏன் பேசுகிறீர்கள் என்று கேட்கலாம். சம்மனசுகளுக்குச் சாதியில்லை, ஆகவே சம்மனசை வணங்குவது சுலபம். மனிதனாகி வந்தவரை வணங்குவதுதான் கடினம். அவர் யாரைச் சகோதரன் என்கிறாரோ அவனுக்கு நாமும் இடம் விட்டாகவேண்டுமே!

அந்தச் சிறுமிக்குக் கடைசியில் பதில் சொன்னோம். ஆண்டவர் நமக்காகச் செத்தார், சம்மனசால் சாகமுடியாது, அதனால்தான் அவை மண்டியிடுகின்றன என்றோம். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப சம்மனசுக்கு அழுகை வருமா சார்?" என்றாள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. சுவாமியவர்களிடம் கேட்கச் சொல்லியிருக்கிறோம்.

நவம்பர் 2 அன்று மெழுகுதிரியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். வசதியுள்ளவர்கள் கட்டிய சில கல்லறைகள் மேல் சிமெண்டுச் சம்மனசு நிற்கும். மற்றவற்றில் வெறும் சிலுவைதான். சிலவற்றில் இரண்டு குச்சிகளைக் குறுக்கே வைத்துக் கட்டியிருப்பார்கள். இந்த ஆண்டு, திரி ஏற்றாமல் கிடக்கும் கல்லறைகளுக்கும் நம் திரியில் ஒன்றைக் கொண்டுபோவோம் என்று மறைக்கல்வி மாணவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். பெரியவர்களும் சேர்ந்துகொள்ளலாம்.

நற்கருணை ஆசீருக்கு மணி அடித்துவிட்டது. பீடத்துச் சம்மனசுகள் ஏற்கெனவே மண்டியிட்டிருக்கின்றன. நாமும் உள்ளே போவோம்.