புது டயர் முன்னாடியா, பின்னாடியா?

(மழைக்காலப் பாதுகாப்பு குறித்த உரையின் எழுத்து வடிவம்)

கார் வைத்திருப்பவர்களிடமும் ஓட்டுபவர்களிடமும் முதலில் ஒரு கேள்வி. நாலு டயரையும் ஒன்றாக மாற்ற இப்போதைக்குப் பணம் இல்லை, ரெண்டு மட்டும் வாங்குகிறீர்கள். அந்த ரெண்டையும் எங்கே மாட்டச் சொல்வீர்கள்?

பலரும் "முன்னாடிதான்" என்பீர்கள். சில கடைகளில் நம்மைக் கேட்காமலே முன்னாடி மாட்டிவிடுவார்கள். அதில் ஒரு நியாயமும் இருக்கத்தான் செய்கிறது. பிரேக் அடித்ததும் வண்டியின் மூக்கு தாழும், பார்த்திருப்பீர்கள். எடை முன்பக்கம் சாய்வதால், வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன் சக்கரங்களுக்குப் போகிறது. நம்மூர் சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் இன்ஜின் இழுப்பதும் முன் சக்கரத்தைத்தான். ஸ்டீயரிங் திருப்புவதும் அதையேதான். அதனால் முன் டயர் சீக்கிரம் தேயும். தேய்ந்த இடத்தில் புதுசு போடுவதில் என்ன தப்பு?

ஆனால் டயர் கம்பெனிகள் பொதுவாகச் சொல்வது இதற்கு நேர் எதிர். புதுசு பின்னாடி, ஓரளவு தேய்ந்தது முன்னாடி. ஏன் அப்படி?

நல்ல மழை. மேம்பாலத்து வளைவில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். முன் டயர் பிடிமானம் இழந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். ஸ்டீயரிங் கையில் லேசாகிவிடுவதால் உங்களுக்கே தெரிந்துவிடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறையும், பிடிமானம் பெரும்பாலும் திரும்பி வரும். பயம்தான், ஆனால் சமாளிக்க வழி இருக்கிறது.

பின் டயர் வழுக்கினால் கதையே வேறு. முன்கூட்டியே கைக்கு எதுவும் தெரியாது. தெரியும்போது வண்டியின் பின்பக்கம் பக்கவாட்டில் சுழன்றுகொண்டிருக்கும். பயந்துபோய் பிரேக்கை மிதித்தாலோ, ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டாலோ எடை முன்னால் போய், ஏற்கெனவே வழுக்கும் பின் சக்கரம் இன்னும் லேசாகிவிடும். பந்தய ஓட்டுநர் வேண்டுமானால் எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங் ஒடித்துச் சமாளிப்பார். குடும்பத்தோடு ஊருக்குப் போகிற நம்மால் முடியாதுங்க. அதனால்தான் நல்ல டயர் பின்னாடி.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். முன்னாடி மொட்டை டயர் ஓடலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. டயர் கோடுகளின் பள்ளத்துக்குள் சின்ன மேடுகள் இருக்கும். பக்கவாட்டில் TWI என்று மூன்று ஆங்கில எழுத்தோ ஒரு முக்கோணமோ அந்த மேடு இருக்கும் இடத்தைக் காட்டும். (டி.டபிள்யூ.ஐ. என்று கேட்டால் கடையில் காட்டுவார்கள்.) மேடும் மேல்பரப்பும் சமமாகிவிட்டால் பள்ளம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். அந்த டயர் எந்தப் பக்கம் இருந்தாலும் கழற்றிவிட வேண்டியதுதான். சாலைத் தண்ணீரை வெளியே தள்ளுவதே அந்தப் பள்ளங்கள்தான். அவை இல்லாவிட்டால் டயர் தரையைத் தொடாமல் தண்ணீர்மேல் மிதக்கும்.

"எங்க வண்டியில ஏ.பி.எஸ். இருக்கே?" என்பார்கள். நல்லதுதான். பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். அப்போது பெடல் காலில் தடதடவென்று அதிரும். பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், அழுத்தியபடியே இருங்கள். ஆனால் டயரில் இல்லாத பிடிமானத்தை ஏ.பி.எஸ். கொண்டுவராது. வேகம் 40-லிருந்து 80 கிலோமீட்டர் ஆனால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் சுமார் நாலு மடங்கு ஆகும். அந்தக் கணக்கையும் அது மாற்றாது.

மலை இறக்கத்தில் இன்னும் கவனம் வேண்டும். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பின்பக்கம் ஏற்கெனவே லேசாகத்தான் இருக்கும். வளைவுக்குள் போய் பிரேக் அடிக்காமல், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

கடைசியாக, காற்று. பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு என்று அதில் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். ஆட்களும் சாமான்களுமாக ஏற்றிக்கொண்டு பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அதிலுள்ள முழுப்பாரக் கணக்கைப் பாருங்கள். நீண்ட தூரம் ஓடிச் சூடான டயரில் அளந்தால் கணக்கு தப்பாக வரும். கிளம்பும்போதே அருகிலுள்ள பெட்ரோல் பங்க்கில் பிடித்துவிடுங்கள். அங்கே காற்று இலவசம், அது உங்கள் உரிமை. "மெஷின் ரிப்பேர்" என்று திருப்பி அனுப்பினால், அங்குள்ள புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி எழுதுங்கள்.