தொட்டியைப் பாதியாக்கலாமா?
(பொதுக்குழுவில் பேசியது)

செலவைக் குறைக்க, செப்டிக் டேங்குக்கு அடுத்து வரும் காற்றில்லா வடிகட்டித் தொட்டியைப் பாதியாக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. கணக்கைப் பாருங்கள்.

50 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 100 லிட்டர் கழிவுநீர் என்றால் நாளைக்கு 20,000 லிட்டர். அது ஒரு நாள் உள்ளே தங்க 20,000 லிட்டர் காலியிடம் வேண்டும். ஜல்லியே பாதிக்கு மேல் அடைத்துக்கொள்ளும். ஆக, தொட்டி 40,000 லிட்டருக்கு மேல்.

இதில் தண்ணீர் நடப்புக் கணக்கு மாதிரி, வந்து போகும். ஜல்லியில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்தான் வைப்புநிதி. சேர மாதக்கணக்காகும், ஆசிட் ஊற்றி அழித்துவிடாதீர்கள்.

பிளாஸ்டிக் மீடியா போட்டால் சுமார் 90% காலியிடம். 23,000 லிட்டர் தொட்டி போதும். மதிப்பீட்டில் ஜல்லியா, மீடியாவா? ஒப்பந்தக்காரரிடம் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு ஓட்டுப் போடுவோம்.