எரிமீன் மழை
(திண்டுக்கல்லில் ஆற்றிய பொழிவு)

என் பாட்டி, எரிமீன் வீழக் கண்டால், "எந்த வீட்டு விளக்கு அணைந்ததோ!" என்று சொல்லி, எங்களை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்துவார். அவ்வச்சம் இன்றும் பல இல்லங்களில் உண்டு.

அது பழைய அச்சந்தான். எரிமீன் வீழ்ந்தமை கண்டு, வேந்தனுக்கு என்னாகுமோ என்று அஞ்சினார் கூடலூர் கிழார். ஏழாம் நாள் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தான் என்பது புறநானூற்று 229ஆம் பாட்டின் செய்தி. அப்பாட்டிலிருந்து நாம் கொள்ளத்தக்கது அச்சமா? அன்று! பங்குனி நள்ளிரவில் எந்த மீன் உச்சி கடந்தது, எது எழுந்தது, எது சாய்ந்தது என்று குறித்தாரே, அந்தக் கூர்ங்கண்ணே நாம் கொள்ளத்தக்கது.

அவர் குறித்த மீன்களுள் குளம் என்பதொன்று. பழைய உரை அதனைப் புனர்பூசம் என்னும். ஆண்டுதோறும் நளித் (கார்த்திகைத்) திங்கள் இறுதியில், திசம்பர் 13, 14 இரவுகளில் பொழியும் எரிமீன்கள், அம்மீனுக்கு அருகிலிருந்தே புறப்படுவனபோல் தோன்றும்.

உண்மையில் அவை விண்மீன்கள் அல்ல, சிறு துகள்கள். 1983இல் கண்டறியப்பட்ட 'பேத்தான்' என்னும் சிறுகோள் தன் வழியெல்லாம் சிந்திய துகள்கள் அவை. நம் நிலவுலகு ஆண்டுக்கொருமுறை அவ்வழியைக் கடக்கின்றது. அப்போது அவை நொடிக்கு ஏறத்தாழ 35 கி.மீ. விரைவில் காற்று மண்டலத்துள் பாய்ந்து எரிகின்றன. நாள் தவறாமைக்கு இதுவே காரணம். இதில் எவர் சாவும் எழுதப்படவில்லை. நிலவற்ற, இருண்ட, தெளிந்த வானில் மணிக்கு நூற்றுக்கு மேலும் வீழும். அத்தனை சாவுக்குறியா அவை?

கோடைக்கானல் மலைமேல் நூறாண்டுக்கு மேலாக ஞாயிற்றை ஆய்ந்துவரும் நிலையமுள்ள மாவட்டம் நம்முடையது. இங்கே எரிமீனுக்கு அஞ்சிக் கதவடைப்பது தகுமா?

நகர விளக்கொளி கடந்து, சிறுமலைப் பக்கத்து வயல்வெளிக்குச் செல்லுங்கள். கருவி எதுவும் வேண்டா. முகில் விலகியிருந்தால் போதும். பாய் விரித்து மல்லாந்து படுத்து, அரைமணி நேரம் கண்களை இருளுக்குப் பழக்குங்கள். நள்ளிரவுக்குப் பின், இரண்டு மணியளவில் குளமீன் உயர நிற்கும். அப்போதே மிகுதியாகக் காணலாம்.

பிள்ளைகளைக் கதவுக்குள் அழைக்காதீர்கள். வெளியே அழைத்துச் செல்லுங்கள். கூடலூர் கிழார் போல் அவர்கள் நோக்கட்டும், எண்ணட்டும், எழுதி வைக்கட்டும். ஆனால் அஞ்சாதிருக்கட்டும்!