பழைய மோட்டார் சைக்கிளும் புது மோகமும்
(குற்றாலத்தில் பேசியது)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மோட்டார் சைக்கிள். சாமியைப்பற்றியும் சாஸ்திரத்தைப்பற்றியும் பேசுவான் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் தென்காசியிலிருந்து செங்கோட்டை வரையில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் வீட்டுக்கு வீடு ஒரு வண்டி நிற்கிறது. அந்த வண்டியை வைத்துக்கொள்வதா, அல்லது கடைக்காரனிடம் தள்ளிவிட்டு மேல்பணம் கட்டிப் புது மாடல் எடுப்பதா என்கிற கேள்வியும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. மனிதன் பகுத்தறிவை உபயோகிக்கவேண்டிய இடம் இதைவிட வேறு எது இருக்கிறதென்று கேட்கிறேன்.

ஐந்தருவி ரோட்டில் பழக்கடை வைத்திருக்கும் ஒரு தோழர் இதையேதான் என்னிடம் கேட்டார். அவருடைய வண்டி 100 சி.சி. வண்டி, வாங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தினம் தென்காசி மார்க்கெட்டுக்குப் போய் ரம்புட்டானும் மங்குஸ்தானும் ஏற்றிவருவது அதில்தான். இப்போது புகை தள்ளுகிறதாம். கடைக்காரன் பழையதற்கு 15,000 ரூபாய் தருகிறேன், மிச்சத்தைத் தவணையில் கட்டுங்கள் என்கிறானாம். "மாற்றிவிடலாமா அய்யா?" என்றார். ஏன் மாற்றவேண்டும் என்று கேட்டேன். அவர் முதலில் சொன்ன காரணம் புகை அல்ல. "பக்கத்துக் கடைக்காரர் புது வண்டி எடுத்துவிட்டார், இதில் போக வெட்கமாக இருக்கிறது" என்பதுதான்.

தோழர்களே! இந்த வெட்கம் இருக்கிறதே, இது தானாக வந்ததல்ல, வியாபாரிகளால் உண்டாக்கப்பட்டது. அமெரிக்காவில் ஹென்றி போர்டு என்பவர் 1908 முதல் 1927 வரை ஒரே மாடல் காரைச் செய்து, ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றார். அதைப் பார்த்த ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் என்ன செய்தார்கள்? ஸ்லோன் என்கிற தலைவரின் காலத்தில், 1920-களில், வருஷத்துக்கு ஒரு மாடல் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். இயந்திரம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். மேல்தகடும் வர்ணமும் மாறும். போன வருஷத்துக் காரில் போகிறவனைப் பார்த்து அக்கம்பக்கத்தார் "இவன் பின்தங்கிவிட்டான்" என்று நினைக்கவேண்டும், அவனும் அப்படியே நினைத்துக்கொள்ளவேண்டும் என்பதுதான் அதிலுள்ள சூட்சுமம்.

நம் நாட்டிலே பாருங்கள். 1985-இல் ஹீரோ ஹோண்டா கம்பெனியார் சி.டி. 100 என்ற வண்டியைக் கொண்டுவந்தார்கள். அதன் இயந்திரம் 97.2 சி.சி. 1994-இல் ஸ்பிளெண்டர் வந்தது, அதுவும் 97.2 சி.சி.தான். 2010-க்குப் பிறகு ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்துபோய்விட்டார்கள். அதற்கும் பிறகு எத்தனையோ ஸ்டிக்கர், எத்தனையோ கலர், எத்தனையோ "பிளஸ்" வந்தாகிவிட்டது. ஸ்பிளெண்டர் பிளஸ் வண்டியின் இயந்திரம் இன்றைக்கும் அதே 97.2 சி.சி.தான். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நல்ல இயந்திரம் என்பதாலேயே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஸ்டிக்கரை மாற்றியதற்காக நீங்கள் ஏன் வெட்கப்படவேண்டும்?

ஒன்றுமே மாறவில்லை என்று சொன்னாலும் அது பொய்யாகும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம், அதற்குட்பட்டவைகளுக்கு ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்தையும் பிடிக்கும் முறை கட்டாயம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தது, பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து பீய்ச்சும் முறை வந்தது. புகை குறைந்தது. இவை நிஜமான மாறுதல்கள். ஆகவே புதியது என்பதால் நல்லது என்பதும் தப்பு, பழையது என்பதால் உசத்தி என்பதும் தப்பு. அதிலும் "அந்தக் காலத்து இரும்பு, அந்தக் காலத்து வண்டி" என்று பெருமை பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் புராணக்காரர்களின் ஞாபகம்தான் வருகிறது.

நிற்க, பழக்கடைத் தோழரின் கணக்குக்கு வருவோம். புது வண்டி எல்லாம் சேர்த்து 95,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழையதற்கு 15,000 போனால் 80,000 கடன். வட்டி நூற்றுக்கு 8 தான் என்பார்கள். ஆனால் அது முழுக்கடனுக்கும் மூன்று வருஷமும் போடுகிற வட்டி. அதாவது 19,200 ரூபாய். மாதம் 2,755 ரூபாய்க்குச் சற்று மேல் தவணை வரும். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டு வருகிறதே, அதற்கு ஏன் முதல்நாள் வட்டி என்று யாரும் கேட்பதில்லை. குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டால் அந்த 8 என்பது ஏறக்குறைய 14.5 ஆகும். எட்டு என்று எழுதி பதினான்கரை வாங்குகிறவனைவிட, பதினான்கரை என்று சொல்லியே வாங்குகிற லேவாதேவிக்காரன் யோக்கியன்.

இதற்கு லாபம் என்ன? பழைய வண்டி லிட்டருக்கு 50 கிலோமீட்டரும், புதியது 60 கிலோமீட்டரும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். தினம் 30 கிலோமீட்டர், வருஷத்துக்கு 300 நாள் என்றால் 9,000 கிலோமீட்டர். பழையதற்கு 180 லிட்டர், புதியதற்கு 150 லிட்டர். மிச்சம் 30 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 3,000 ரூபாய். வட்டியாகக் கொடுத்த 19,200-ஐ மட்டும் திரும்பி எடுக்கவே ஆறு வருஷத்துக்கு மேல் ஆகும், அசல் அதற்கப்புறம்தான். அதற்குள் புது வண்டியும் பழசாகிவிடும். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் போடுகிற கணக்கைப் பாருங்கள். வண்டி வாங்கிய ஆறு மாதத்துக்குள்ளேயே விலையில் நூற்றுக்கு 5 கழித்துவிடுகிறான். ஒரு வருஷத்துக்குள் 15. ஐந்தாவது வருஷத்தில் சரிபாதி.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. குற்றாலத்தில் சீசன் மூன்று மாதம். தவணை முப்பத்தாறு மாதம். சாரல் விழுந்தால் கடையில் காசு விழும். சாரல் பொய்த்தாலும் காசில்லை. தண்ணீர் அதிகமாகி அருவியில் குளிக்கத் தடை போட்டாலும் காசில்லை. 2020-லும் 2021-லும் கொரோனாவினால் அருவிகளை மூடி, சீசனே இல்லாமல் போனதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். 2020-இல் தவணையைத் தள்ளிப்போட ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள், வட்டியையா தள்ளினார்கள்? அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஆகையால் வருமானம் வருகிற மாதத்தைப் பாராமல் தவணைக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவன், வண்டியையும் இழந்து கட்டிய பணத்தையும் இழக்க நேரிடும்.

அந்தத் தோழருக்கு நான் சொன்னது இவ்வளவே: புகை தள்ளுவது பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்ந்ததனால் இருக்கும். யோக்கியமான மெக்கானிக்கிடம் காட்டி, என்ன செலவு என்று எழுதி வாங்குங்கள். அது நாலைந்து மாதத் தவணைக்குள் அடங்கினால் வேலை பார்த்து ஓட்டுங்கள். அதற்கு முன்னால் பிரேக் கட்டையையும் டயரையும் மாற்றுங்கள். சாரல் காலத்தில் டிரம்முக்குள் தண்ணீர் போனால் பிரேக் பிடிப்பதில்லை. தேய்ந்த டயர் ஈர ரோட்டில் வழுக்கும். ஆனால் சேஸிஸே துருவேறி அரித்துவிட்டது என்றாலும், தினம் புளியரை மலைப்பாதையில் பாரத்தோடு ஏறி இறங்குகிறவராக இருந்தாலும், நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அப்போது நல்ல பிரேக்குள்ள வண்டிக்குக் கொடுக்கிற பணம் உயிருக்குக் கொடுக்கிற பணம். அதில் சிக்கனம் பேசுவது முட்டாள்தனம்.

பயமுறுத்தி வியாபாரம் செய்வதும் இப்போது பெருத்துவிட்டது. "பதினைந்து வருஷம் ஆனால் வண்டி காயலான் கடைக்குத்தான்" என்கிறார்கள். அது டில்லிக்குப் போட்ட உத்தரவைக் காட்டி மற்றவர்களை மிரட்டுவது. நம் ஊரில் சொந்த வண்டிக்குப் பதினைந்து வருஷம் ஆனால், ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, தகுதியாக இருந்தால் கட்டணம் கட்டி ஐந்து ஐந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

இன்னொரு பயம் பெட்ரோலில் 20 பங்கு எத்தனால் கலப்பது. "பழைய வண்டி செத்துப்போகும்" என்கிறார்கள். உள்ளதைச் சொல்லுகிறேன். 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே, பழைய இருசக்கர வண்டிகளுக்கு மைலேஜ் நூற்றுக்கு 3, 4 குறையலாம் என்று ஒப்புக்கொள்கிறது. சில ரப்பர் சாமான்களை 20,000, 30,000 கிலோமீட்டர் ஓடியபின் மாற்றவேண்டிவரலாம் என்று 2025-இல் சர்க்காரே சொல்லியிருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். ஆகவே சாரலில் அரை டாங்க் பெட்ரோலோடு வாரக்கணக்கில் வண்டியை நிறுத்திவைக்காதீர்கள். இது தொந்தரவுதான். ஆனால் ரப்பர் குழாய்க்காக 80,000 ரூபாய் கடன் வாங்குவது, கொசுவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போலாகும்.

வியாபாரிகள் அவ்வளவு கண்டிப்பானவர்களா என்றால், 2017 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் முதல் பி.எஸ். 3 வண்டிகளை விற்கக்கூடாது என்று 29-ந் தேதி உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. விற்காமல் கிடந்த இருசக்கர வண்டிகள் 6 லட்சத்து 71 ஆயிரம் என்று கம்பெனிக்காரர்களே கணக்குக் கொடுத்திருந்தார்கள். நூறு ரூபாய் குறைக்க மாட்டேன் என்றவர்கள் இரண்டே நாளில் பல ஆயிரம் ரூபாய் தள்ளிக் கொடுத்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு வரி 28-லிருந்து 18 ஆயிற்று. அதற்கு முந்தைய மாதம் அவசரப்பட்டு வாங்கினவனைக் கேட்டுப் பாருங்கள், காத்திருப்பதன் அருமை தெரியும்.

இனி, வண்டியோடு கூட வருகிற மூடத்தனம். நம்பரைக் கூட்டினால் எட்டு வரக்கூடாதாம். பழைய வண்டி ராசியான வண்டியாம், விற்கக்கூடாதாம். புது வண்டி எலுமிச்சம்பழத்தின்மேல் ஏறவேண்டுமாம். எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றிய வண்டிக்கும் ஏற்றாத வண்டிக்கும் இன்சூரன்ஸ் பிரீமியம் ஒன்றாகத்தானே இருக்கிறது? லாப நஷ்டம் தெரிந்த கம்பெனிக்காரன் பழத்துக்கு ஒரு ரூபாய்கூடத் தள்ளவில்லையே! இதைவிட மோசமானது, மேல்பணத்தை மாமனார் தலையில் கட்டுவது. தலை தீபாவளிக்கு வண்டியை மாற்றித் தரவேண்டும் என்று கேட்கிற வாலிபன், 1961-லேயே சட்டம் போட்டுத் தடுத்த வரதட்சணையைத்தான் வேறு பெயரில் கேட்கிறான். தாலியை அடகு வைத்து முன்பணம் கட்டுகிறவரும் அந்த ஜாதிதான். வீட்டில் சம்பாதிக்கிற பெண் பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஓடுகிற வண்டியைக் கொடுத்துவிட்டு இன்னொரு மோட்டார் சைக்கிள் எடுப்பதா, அல்லது அதே பணத்தில் அந்தப் பெண் ஓட்டக்கூடிய ஒரு ஸ்கூட்டர் எடுப்பதா என்று அந்த அம்மாளையும் உட்காரவைத்துக் கேட்கவேண்டாமா?

இப்படியெல்லாம் சொல்லுவதால், நல்ல வண்டியே யாருக்கும் வேண்டாம் என்று நான் சொல்வதாக அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தாழ்த்தப்பட்ட கல்லூரி மாணவர், புல்லட் ஓட்டினார் என்பதற்காகக் கைகளில் வெட்டப்பட்டதாகப் புகார் பதிவாகிக் கைதும் நடந்தது. புல்லட் என்பது 1950-களிலிருந்து சென்னைப் பக்கத்திலே செய்யப்பட்டு வருகிற வண்டி. காசு கொடுத்தால் எவரும் வாங்கலாம். "இந்த ஜாதியில் பிறந்தவன் இந்த வண்டி ஓட்டலாமா?" என்று கேட்கிற ஊரிலே, அவர் அந்த வண்டியைப் பிடிவாதமாக ஓட்டுவதை நான் டம்பம் என்று சொல்லமாட்டேன். வெட்கத்துக்குப் பயந்து வாங்குவது வேறு; உரிமை என்று தெரிந்து வாங்குவது வேறு. அவரவர் தன் மனதைக் கேட்டால் எது என்று தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. கணக்குப் பார்த்து மாற்றத்தான் வேண்டும் என்று தீர்மானித்தவர்கள், பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பெயர் மாற்றாமல் பல கை மாறிய ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவுப் புத்தகத்தில் எவன் பெயர் இருக்கிறதோ அவனே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வண்டி எங்கோ, எவனோ ஓட்டினது. சம்மன் உங்கள் வீட்டுக்கு வரும்! 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி வாங்கி விற்கும் வியாபாரி ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற்றிருக்கவேண்டும். உங்களிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டதையும் தெரிவிக்கவேண்டும். அந்த அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதிய காகிதத்தை வாங்கி, பெயர் மாறி வரும்வரையில் பத்திரமாக வையுங்கள். பழக்கடைத் தோழரிடம் இதைச் சொன்னபோது, "ஆர்.சி. புத்தகத்தையும் சாவியையும் கொடுத்தால் போதும் என்றல்லவா கடைக்காரன் சொன்னான்" என்றார். போதாது. உங்களில் யாராவது அப்படிக் கொடுத்துவிட்டு வந்திருந்தால், நாளைக்கே தென்காசி ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய்ப் பெயர் மாறிவிட்டதா என்று கேளுங்கள்.