கன்று போட்ட மாடு எழுந்திருக்கலையா? உடனே டாக்டரைக் கூப்பிடுங்க!

(உசிலம்பட்டி வட்டாரக் கால்நடை வளர்ப்போருக்கான பேச்சின் எழுத்து வடிவம்)



உசிலம்பட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பல வீடுகளுக்குப் பால் காசுதான் கைச்செலவு. நல்லா கறக்கிற ஜெர்சி கலப்பின மாடு, மூணாவது நாலாவது ஈத்தில் கன்று போட்ட மறுநாள் திடீர்னு படுத்துவிடும். கழுத்தை வயிற்றுப் பக்கம் மடித்து வைத்துக்கொள்ளும். காதைத் தொட்டால் சில்லென்று இருக்கும். சாணி போடாது. இதுதான் பால் சுரம். பெயரில்தான் சுரம், உண்மையில் உடம்புச் சூடு குறைந்துவிடும். சிகிச்சை தாமதமானால் ஒரே நாளில் மாட்டை இழக்க நேரிடும்.

ஏன் இப்படி ஆகிறது? கணக்கைப் பாருங்க. மாட்டின் ரத்தத்தில் ஓடுகிற கால்சியம் மொத்தமே சுமார் 3 கிராம்தான். ஆனால் 10 லிட்டர் சீம்பாலில் 20 கிராமுக்கு மேல் கால்சியம் போய்விடும். அந்தக் குறையை ஈடுகட்டுவது ஹார்மோன்களின் வேலை.

ரத்தத்தில் கால்சியம் குறைந்ததும், கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு என்ற குட்டிச் சுரப்பிகள் ஒரு ஹார்மோனை விடும். அது எலும்பில் சேர்ந்திருக்கும் கால்சியத்தை ரத்தத்துக்கு இறக்கும். சிறுநீரகத்தில் வைட்டமின் டி-யைச் செயல்பட வைக்கும். அந்த வைட்டமின், தீவனத்தில் உள்ள கால்சியத்தைக் குடல் கூடுதலாக உறிஞ்ச உதவும். இதெல்லாம் முழு வேகம் எடுக்க ஒன்றிரண்டு நாள் ஆகும். பால் அதுவரை காத்திருக்காதே! வயதான மாட்டில் இந்த வேலை இன்னும் மெதுவாக நடக்கும்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறோம். "சினை மாடுதானே, கால்சியம் டானிக் நிறைய ஊத்துவோம்" என்று நினைக்கிறோம். கன்று போடுவதற்கு முந்தைய 3 வாரத்தில் தேவைக்கு மேல் கால்சியம் கிடைத்தால், அந்தச் சுரப்பிக்கு வேலையே இருக்காது. அவசரத்துக்கு அது சட்டென்று எழும்பாது. அதனால் அந்த நாட்களில் கடலைக்கொடி, வேலிமசால் போன்றவற்றைக் குறைத்து, சோளத்தட்டை, வைக்கோல் கூட்டிக் கொடுங்க. டானிக், தாது உப்புக் கலவை எப்போது, எவ்வளவு என்பதைக் கால்நடை டாக்டரிடம் கேட்டு முடிவு பண்ணுங்க.

மாடு படுத்துவிட்டால் என்ன செய்யணும்?

• எண்ணெய், கஷாயம், டானிக் எதையும் வாயில் ஊற்றாதீங்க. விழுங்கும் சக்தி குறைந்திருக்கும், நுரையீரலுக்குள் போய்விடும்.

• ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தால், வைக்கோல் மூட்டை முட்டுக்கொடுத்து நிமிர்ந்து படுக்க வையுங்க. இல்லாவிட்டால் வயிறு உப்பிவிடும்.

• கால்நடை மருத்துவ உதவிக்கான 1962 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்க. கன்று போட்ட நேரம், எத்தனாவது ஈத்து என்பதைச் சொல்லுங்க.

• கால்சியம் ஊசியை நீங்களே போடாதீங்க. ரத்தக்குழாயில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். டாக்டர் மெதுவாகத்தான் ஏற்றுவார்.

சரியான நேரத்தில் ஊசி போட்டால் பல மாடுகள் ஓரிரு மணி நேரத்தில் எழுந்து நின்றுவிடும். ஆனாலும் ஒரு நாள் கவனமாகப் பாருங்க. சில மாடுகள் மறுபடியும் படுக்கும்.

மாடு ராத்திரியிலும் கன்று போடலாம். அதனால் 1962-ஐயும், உங்க ஊர் கால்நடை மருந்தகத்தின் எண்ணையும் இப்பவே போனில் சேமித்து வையுங்க.